முன்னாடி போன வண்டி போயிடுச்சே!

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையின் சுரங்கப்பாதை வாசல்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வியாசர்பாடி கணேசபுரம், தி.நகர் துரைசாமி, கோடம்பாக்கம் ரங்கராஜபுரம், தில்லை கங்கா நகர் என்று பெயர்தான் மாறும். ஒரு மணி நேரம் மழை வெளுத்து வாங்கியிருக்கும். சரிவு தொடங்கும் இடத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கும். ஹெட்லைட் வெளிச்சம் பட்டு தண்ணீர் மின்னும். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஒருவர் முதலில் இறங்கட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

யாராவது ஒருவர் இறங்கிவிடுவார். பெரும்பாலும் பேருந்தாகவோ லாரியாகவோ இருக்கும். அது இரண்டு பக்கமும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறிவிட்டால் போதும், பின்னால் நிற்கும் ஆல்டோவுக்கும் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்ட மாதிரி. “முன்னாடி போன வண்டி போயிடுச்சே!” மழைக்காலத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை.

அந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் குறைவு. பின்னால் நிற்பவரின் ஹாரன் முடிவெடுக்கிறது. வீட்டிலிருந்து வரும் மூன்றாவது போன்கால் முடிவெடுக்கிறது. ‘தினமும் போற ரோடுதானே’ என்ற நினைப்பு முடிவெடுக்கிறது. பத்து விநாடிகூட ஆகாது.

மேடவாக்கத்தில் வசிக்கும் கால் டாக்ஸி டிரைவர் ஒருவர், இந்தப் பத்து விநாடியை இழுத்துப் பிடிப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊர் என்பதால் ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர். தேங்கிய தண்ணீர் எதிரே வந்தால், சாலை நடுவே உள்ள மீடியனைத்தான் முதலில் பார்ப்பார். அதன் கறுப்பு மஞ்சள் பெயின்ட் பாதியாவது தெரிந்தால் முதல் கியரில் மெதுவாகப் போவார். முழுவதும் மறைந்திருந்தால் வண்டியைத் திருப்பிவிடுவார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

சட்டம் எளிது. பின் சீட்டில் இருப்பவருக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஒரு மழை இரவில் கிண்டியில் ஏறிய பெண், பள்ளிக்கரணை போக வேண்டியவர். எட்டு வயது மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது, ஆனாலும் மனசு கேட்குமா? வழியில் ஓரிடத்தில் மீடியன் காணாமல் போயிருந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“போயிடலாம்ணா. முன்னாடி பஸ் போயிடுச்சே.”

“பஸ் போகும்மா. அதோட டயரே என் இடுப்பு உயரம். நம்ம வண்டி மூச்சு விடுற இடம் பம்பருக்குப் பின்னாடி இருக்கு.”

“பாப்பா தனியா இருக்காண்ணா.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன்.”

அந்தப் பெண் அதற்கு மேல் பேசவில்லை. இருவரும் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவே போன் செய்தார். “உன் பொண்ணு ரெண்டு தோசை சாப்பிட்டுட்டு தூங்கிட்டா. நீ மெதுவா வா.” அந்த ஒரு போனுக்குப் பிறகுதான் அவர் டீயைக் குடித்தாராம். எல்லாப் பயணிகளும் இப்படி இருப்பதில்லை. பாதி வழியில் இறங்கி, திட்டிவிட்டு, ஆப்பில் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. “ஸ்டார் போனா அடுத்த மாசம் வந்துடும்” என்கிறார் டிரைவர்.

அவருக்கு இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. 2015 நவம்பர் மழையில், முடிச்சூர் பக்கம் இதே போல ஒரு லாரியின் பின்னாலேயே போனவர் அவர். நடுவில் வண்டி நின்றுவிட்டது. பதற்றத்தில் சாவியைத் திருகினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. ஒர்க் ஷாப்பில் இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராட் வளைந்து கிடந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, “தண்ணி புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க” என்று எழுதிக்கொண்டு போனார். காசு வரவில்லை. மனைவியின் வளையல்கள் வட்டிக்கடைக்குப் போயின. அவை திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

கார் இன்ஜின் உயிர் வாழ்வது காற்றில். சிலிண்டருக்குள் காற்றை இழுத்து, பிஸ்டன் அதை அழுத்துகிறது. காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்துவிட்டால், முழு வேகத்தில் மேலே வரும் பிஸ்டன் சுவரில் முட்டிய மாதிரி நிற்கும். அப்போது வளைவதுதான் கனெக்டிங் ராட். டீசல் இன்ஜினில் அழுத்தம் இன்னும் அதிகம் என்பதால் அடியும் பலம். பல கார்களில் இந்தக் காற்று வாய் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரம் வரை இருக்க வேண்டியதுகூட இல்லை. வேகமாகப் போனால் வண்டியே தன் முன்னால் ஒரு அலையை எழுப்பி, தானே விழுங்கிக்கொள்ளும். எதிரே வரும் பேருந்தின் அலை இன்னும் மோசம்.

அந்த அலையைப் பற்றி வேறு ஒரு தரப்பிடமும் கேட்க வேண்டும். தண்ணீர் தேங்கிய தெருக்களில் தரைத்தள வீட்டில் இருப்பவர்கள். வாசற்படி வரை வந்து நின்ற தண்ணீர், ஒரு பெரிய கார் ‘சர்’ரென்று போனதும் படியைத் தாண்டி அடுப்படி வரை வந்துவிடும். துடைப்பத்தோடு வாசலில் நிற்கும் பெண்கள் விடும் சாபத்தில் நியாயம் இருக்கிறது.

‘என் வண்டி எலக்ட்ரிக், காற்றே வேண்டாமே’ என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், மூச்சுத் திணறாது. ஆனால் மிதக்கும்.

ஆம், கார் மிதக்கும். ஆயிரம் கிலோ இரும்பு எப்படி மிதக்கும் என்ற சந்தேகம் வந்தால், தண்ணீர் நிரம்பிய அண்டாவில் எவர்சில்வர் கிண்ணத்தைப் போட்டுப் பாருங்கள். கதவு மூடிய கார் பெரிய கிண்ணம்தான். சின்ன கார் ஒன்றின் அடிப்பரப்பு, தோராயமாக மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். அடித்தளத்தைத் தொட்டபின் தண்ணீர் 10 செ.மீ. உயர்ந்தாலே, சுமார் 500 கிலோ எடையை அது மேலே தூக்கப் பார்க்கும். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு அங்கேயே தளர ஆரம்பிக்கிறது. ஸ்டீயரிங் கையில் இருக்கும். வண்டி கையில் இருக்காது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நீர் ஆய்வகத்தில் நிஜ கார்களையே தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். சுமார் ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ், வெறும் 15 செ.மீ. ஆழத் தண்ணீரில் நகர ஆரம்பித்தது. நீரோட்டத்தின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். அதாவது நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. 60 செ.மீ. தண்ணீரில் அது முழுக்க மிதந்தது. இரண்டரை டன் எடையுள்ள நிஸ்ஸான் பேட்ரோல் என்ற பெரிய எஸ்.யு.வி. 45 செ.மீ. தண்ணீரில் நிலை தடுமாறியது. 95 செ.மீ. தண்ணீரில் அதுவும் மிதந்தது. பிறகு அதை நகர்த்தப் பெரிய பலமே தேவைப்படவில்லை. இங்கே எஸ்.யு.வி. விளம்பரங்களில் ஆற்றைக் கடந்து அருவிக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள். அந்த ஆசையில் வாங்கியவர்கள்தான் சுரங்கப்பாதை வாசலில் முதல் ஆளாக இறங்குகிறார்கள் என்பது கொஞ்சம் வருத்தமான நகைச்சுவை.

ஆய்வகம் வேண்டாம், ஊத்தங்கரை போதும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் தள்ளிக்கொண்டு போன வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. அவற்றை யாரும் ஓட்டவில்லை. சும்மா நின்ற வண்டிகள்!

நகரத்தில் சுரங்கப்பாதை என்றால், மாவட்டங்களில் தரைப்பாலம். வருடத்தில் பத்து மாதம் ஆடு மாடு நடக்கும், சைக்கிள் போகும். அணையிலோ ஏரியிலோ தண்ணீர் திறந்தால், அதன் மேல் ஒரு அடி உயரத்துக்கு ஓடும். பார்க்க ஒன்றும் பயமாக இருக்காது. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள், மறுபக்கம் வேடிக்கை பார்க்கும் கூட்டம், “வரலாம், வரலாம்” என்று கைகாட்டும் ஒரு அண்ணன். அந்த அண்ணன் காட்டும் கைக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பது அவருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் பல இடங்களில் சாலையே அறுந்துபோனது. மேலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத் தண்ணீர் மட்டும்தான். அடியில் தார் ரோடா, பள்ளமா என்று அந்தத் தண்ணீர் சொல்லாது.

நகரத்திலும் கதை அதேதான். மழைநீர் வடிகால் வேலைக்காகத் தோண்டிய குழி, மூடி நகர்ந்த மேன்ஹோல், ஓரத்தில் பாதி மூழ்கிய மின்சாரப் பெட்டி. காருக்குள் இருப்பவருக்கு இவை இன்ஜின் பிரச்னை. ஸ்கூட்டரில் டியூஷன் முடிந்த பையனைப் பின்னால் உட்காரவைத்து வரும் அம்மாவுக்கு இவை உயிர்ப் பிரச்னை. வண்டி நின்றால் இறங்கித் தள்ளத்தான் தோன்றும். தள்ளும்போது கண் வண்டி மீது இருக்கும், கால் எங்கே படுகிறது என்று பார்க்க முடியாது.

சுரங்கப்பாதையை ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது? தெருவில் தேங்கும் தண்ணீர் பக்கவாட்டில் பரவும். சுரங்கப்பாதை ஒரு கிண்ணம். இரண்டு பக்கச் சாலைகளின் தண்ணீரும் அதற்குள்தான் வந்து விழும். வாசலில் கணுக்கால் ஆழம் இருந்தால், ரயில் தண்டவாளத்துக்கு நேர் கீழே கழுத்தளவு இருக்கலாம். நீங்கள் உள்ளே இருக்கும் சில நிமிடங்களிலேயே அது ஏறவும் செய்யலாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில், குடும்பத்தோடு வாடகைக் காரில் வந்த 22 வயது ஐ.டி. ஊழியர் இறந்தார். 2024 செப்டம்பரில் டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத்தில், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய வங்கி மேலாளரும் அவருடைய காசாளரும் பெரிய எஸ்.யு.வி.யோடு மூழ்கினார்கள். மூன்றுமே கடல் இல்லை, ஆறு இல்லை. ஊருக்குள் இருக்கும் சாலைகள்.

‘கார் நின்றால் கதவைத் திறந்து இறங்கிவிடலாம்’ என்று தோன்றும். ஒரு மீட்டர் அகலக் கதவின் மீது வெளியே 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது கதவை உள்ளே அழுத்தும் பலம் சுமார் 180 கிலோ. மூன்று பெரியவர்கள் வெளியே சாய்ந்து நிற்பதற்குச் சமம். அதனால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம். சீட் பெல்ட்டைக் கழற்றி, உடனே கண்ணாடியை இறக்க வேண்டும். பவர் விண்டோ தண்ணீர் புகுந்ததும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்தை போன் பேசுவதில் கழித்துவிடக் கூடாது. குழந்தைகள் இருந்தால் அவர்களை முதலில் ஜன்னல் வழியாக வெளியே அனுப்பி, கூரை மீது ஏற்றலாம். நூறுக்கோ மெக்கானிக்குக்கோ அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

கண்ணாடி இறங்கவில்லை என்றால் உடைக்க வேண்டியதுதான். சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவை முழுக்க நம்ப வேண்டாம். பதற்றத்தில் அது கழன்று வருவதே பெரிய பாடு. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சீட் பெல்ட்டை அறுக்கும் பிளேடும் அதிலேயே இருக்கும். அதை டிக்கியில் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம்! கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பிரயோஜனம். அடிக்க வேண்டியது பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டப்பட்டது, விரிசல் விடுமே தவிர நொறுங்கி வழிவிடாது.

இதெல்லாம் தண்ணீருக்குள் போன பிறகு செய்வது. போகாமல் இருக்கச் செய்வது எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது என்பதை டாக்ஸி டிரைவர்கள் நன்றாக அறிவார்கள். மழை நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் எல்லாக் காருக்குள்ளும் ஒரே உரையாடல்தான். “எங்க இருக்கீங்க?” “இன்னும் எவ்ளோ நேரம்?” “எதிர் வீட்டுக்காரர் அப்பவே வந்துட்டாரே!” கேட்பவருக்கு அது அக்கறை. ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு அது பின்னால் நின்று அடிக்கும் இன்னொரு ஹாரன். அதே போனில், “தண்ணி நிக்குதா? அங்கேயே இருங்க. சித்தப்பா வீடு பக்கம்தானே, ராத்திரி தங்கிட்டு காலையில வாங்க” என்று ஒரு குரல் வந்தால், அந்த மனிதர் வண்டியைத் திருப்புவதற்கு வெட்கப்பட மாட்டார். சுரங்கப்பாதை வாசலில் ரிவர்ஸ் எடுப்பது பல ஆண்களுக்குக் கௌரவப் பிரச்னை. வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிட்டால் பழியை அவர்கள் மேல் போட்டுவிட்டுத் திரும்பலாம். போடட்டுமே!

அலுவலகங்களும் இதில் சேர்த்திதான். ரெட் அலர்ட் அன்று காலை பத்து மணிக்கு ‘அனைவரும் பாதுகாப்பாக இருங்கள்’ என்று மெயில் அனுப்பிவிட்டு, பத்தரைக்கு மீட்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான பஜ்ஜியை ஆர்டர் செய்துவிட்டு, டெலிவரி பையனின் பைக் மேப்பில் ஏன் நகரவே இல்லை என்று கஸ்டமர் கேருக்கு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பையன் ஏதோ ஒரு தெருமுனையில், முழங்கால் தண்ணீரில், சைலன்சருக்குள் தண்ணீர் போன பைக்கோடு நிற்கிறான்.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை, வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. ‘ஒரே ஒரு தடவை’ என்ற ஆசை அந்த மேடவாக்கம் டிரைவருக்கு வளையல்களை வாங்கிக்கொண்டு போன ஆசை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, ஒர்க் ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போவதே சரி. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்துக்குத் தனியாக ‘இன்ஜின் புரொடெக்ட்’ சேர்த்திருக்க வேண்டும். இதைப் புதுப்பிக்கும்போது கேட்க வேண்டிய மாதம் செப்டம்பர். பெரும்பாலானோர் டிசம்பரில்தான் கேட்கிறார்கள்.

வேளச்சேரிக்காரர்கள் இதையெல்லாம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 2015-ல் கார்களை இழந்தார்கள், 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் இழந்தார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்ப, அப்படி எதுவும் போடவில்லை என்று போலீஸ் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ‘மேம்பாலமா, பார்க்கிங்கா?’ என்று ஊரே கேலி செய்தது. மழை வலுக்கும் முன்பே வண்டியை மேலே ஏற்றிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பால் பாக்கெட், பிரெட், மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்து போனார்கள். அடுத்த இரண்டு நாளைக்கு அந்த வீடுகளில் யாரும் யாரிடமும், “எங்க இருக்கீங்க?” என்று கேட்கவில்லை.